திறந்த பொருளாதாரம் இலங்கைக் கிராமங்களுக்கு என்ன செய்தது?

1977 நவம்பர் 15ஆம் திகதி இலங்கை நிதி அமைச்சர் றொனி டி மெல் நாடாளுமன்றத்தில் தமது முதல் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். அதுவரை நடைமுறையில் இருந்த இரட்டை நாணயமாற்று விகிதம் ஒழிந்தது. ரூபாவின் மதிப்பு டொலருக்கு 16 ரூபா என்ற அளவுக்கு இறக்கப்பட்டது. பெரும்பாலான பொருட்களை உரிமம் இல்லாமலே, சுங்கவரி கட்டி இறக்குமதி செய்யலாம் என்றாயிற்று. விலைக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. வெளிநாட்டு முதலீட்டுக்குக் கதவு திறந்தது. உணவு மானியத்தில் வெட்டு விழத் தொடங்கியது. தென்னாசியாவில் இந்த வழியில் முதலில் இறங்கிய நாடு இலங்கைதான். இந்தியா இதே பாதைக்கு வர 1991 வரை ஆயிற்று.

இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது கொழும்பின் கடைவீதிகள் நிரம்பிய கதைதான் முதலில் சொல்லப்படுகிறது. ஆனால் அப்போது நாட்டில் ஐந்தில் நான்கு பங்கினருக்குக் கிட்ட நகரங்களுக்கு வெளியேதான் வாழ்ந்தார்கள். உழைப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வயலிலும் தோட்டத்திலும் இருந்தார்கள். ஆகவே திறந்த பொருளாதாரத்தின் கணக்கைக் கிராமத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அது எல்லோருக்கும் ஒரே மாதிரி வந்து சேரவில்லை என்பது தெரியும். ஒருவர் என்ன பயிரிட்டார், எந்த மாவட்டத்தில் இருந்தார், யாரிடம் போய் முறையிட முடிந்தது என்பவற்றைப் பொறுத்து அதே கொள்கை ஒருவருக்கு வரமாகவும் இன்னொருவருக்கு இடியாகவும் இருந்தது.

முன்பிருந்த நிலைமை சுகமானது அல்ல. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றை விற்று, அரிசியும் மாவும் சீனியும் துணியும் வாங்கிவந்த நாடு அது. 1950களின் பிற்பகுதியிலிருந்து ஏற்றுமதி விலைகள் சரிய, அந்நியச் செலாவணி வற்றியது. கட்டுப்பாட்டுக்கு மேல் கட்டுப்பாடு வந்தது. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டணி அரசு இறக்குமதியை ஏறக்குறைய முழுமையாகவே பூட்டியது. 1973இல் எண்ணெய் விலையும் உலகச் சந்தையில் தானிய விலையும் ஒன்றாக ஏறின. பாணுக்கு விடியற்காலையில் வரிசை, துணிக்குக் கூப்பன், அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகாமல் தடுக்க வீதிகளில் சோதனைச் சாவடி. பஸ்ஸில் வந்த கிழவியின் பையிலிருந்த அரிசியைக்கூட அளந்து பார்த்தார்கள். மலையகத் தோட்டங்களில் 1973-74 காலத்தில் பட்டினியால் மனிதர்கள் செத்தார்கள். 1973இல் வேலையில்லாதோர் 24 சதவீதம். 1977 ஜூலைத் தேர்தலில் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140ஐ வென்றதற்கும், ஆண்ட கட்சி வெறும் 8 இடங்களுக்குச் சுருங்கியதற்கும் இந்த வரிசைகளே பெருங்காரணம்.

1977க்கு முந்திய அரசுகள்தான் எல்லோருக்கும் இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் கொடுத்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடு தலைமுறை தாண்டித் தொடர்ந்தது. ஏழை நாடாக இருந்தும் எழுத்தறிவிலும் ஆயுட்காலத்திலும் இலங்கை அயல்நாடுகளை விஞ்சி நின்றதற்கு இவையே அடிப்படை. அரிசிப் பங்கீட்டில் கைவைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது ஜெயவர்த்தனாவுக்கு நேரடி அனுபவமாகத் தெரியும். 1953இல் அவர் நிதி அமைச்சராக இருந்தபோதுதான் ஒரு கொத்துக் கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. அந்த ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தாலில் நாடே நின்றது. பிரதமர் டட்லி சேனநாயக்க சில வாரங்களில் பதவி விலகினார்.

அதனால்தான் 1977க்குப் பின்னர் மானியம் ஒரே வெட்டில் போகவில்லை. 1978 தொடக்கத்தில் மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்று பங்கீடு சுருக்கப்பட்டது. 1979 செப்டெம்பரில் அரிசிக்குப் பதில் உணவு முத்திரை வந்தது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, பன்னிரண்டு வயது வரை 20 ரூபா, அதற்கு மேற்பட்டவருக்கு 15 ரூபா என்பது கணக்கு. தாய், தகப்பன், பத்து வயதில் ஒன்று, அதற்குக் கீழே எட்டு வயது நிரம்பாத இரண்டு என்று ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 100 ரூபா முத்திரை. சங்கக்கடையில் கொடுத்து அரிசியும் மாவும் பருப்பும் வாங்கலாம். மண்ணெண்ணெய்க்குத் தனி முத்திரை.

பிழை முத்திரையில் இல்லை. அதன் மேல் அச்சிட்ட தொகையில் இருந்தது. பங்கீட்டில் கிடைத்தது அரிசி. சந்தையில் விலை என்ன ஏறினாலும் அதே அளவு அரிசி வீட்டுக்கு வந்தது. முத்திரையில் கிடைத்தது ரூபா. 1980இல் மட்டும் கொழும்பு விலைச்சுட்டெண் 26 சதவீதம் உயர்ந்தது. முத்திரையின் பெறுமதியை யாரும் உயர்த்தவில்லை. 1982க்குள் அதே 100 ரூபா வாங்கித் தந்த உணவு ஏறத்தாழ பாதியாகிவிட்டது. புதிய பதிவுகளும் 1980இல் நிறுத்தப்பட்டதால் பின்னர் ஏழையானவர்களுக்கு வழியில்லாமல் போனது. வருமானத்தைத் தாங்களே எழுதிக் கொடுத்து விண்ணப்பித்த முறையில் சனத்தொகையில் பாதிக்கு முத்திரை கிடைத்தது. அவர்களில் தேவையில்லாதவர்கள் பலர். சம்பளம் தோட்டத்துப் பதிவேட்டில் சதம் சதமாக எழுதப்பட்ட மலையகத் தொழிலாளிக்கோ எதையும் குறைத்துச் சொல்ல இடமில்லை. அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை வெளியே நின்றன. 1970களின் நடுப்பகுதியில் தேசிய உற்பத்தியில் சுமார் 5 சதவீதமாக இருந்த உணவு மானியச் செலவு 1984இல் ஒன்றரை சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அரசின் கணக்கேட்டில் அது சேமிப்பு. அடித்தட்டில் இருந்த ஐந்தில் ஒரு பங்கினரின் கலோரி நுகர்வு அதே காலத்தில் குறைந்தது.

சந்தை திறந்ததால் நேரடியாக அடிபட்ட விவசாயிகள் யார் என்று கேட்டால், முதலில் யாழ்ப்பாணக் குடாநாட்டைத்தான் சொல்ல வேண்டும். அங்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் தங்கும் மழைநீரைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் தோட்டம் செய்ய வேண்டும். கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன், இடைக்காடு என்று செம்மண் ஊர்களில் காணியை ஏக்கரில் பேசுவதில்லை, பரப்பில்தான் பேசுவார்கள். ஒரு குடும்பத்துக்குச் சில பரப்புத்தான் இருக்கும். அதில் மாட்டெருவும் பூவரசங்குழையும் தாழ்த்து, ஆண்டுக்கு இரண்டு மூன்று பயிர் எடுப்பார்கள். 1970களில் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதி நின்றபோது இந்தச் சிறு துண்டுகளுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. செத்தல் மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் தெற்கிலிருந்து லொறிகள் தேடி வந்தன. துலா மிதித்த இடத்தில் மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரம் வந்தது, மண்வீடு கல்வீடானது. பல்கலைக்கழக அனுமதியில் புள்ளிகளை மொழி, மாவட்ட அடிப்படையில் மாற்றிக் கணக்கிடும் தரப்படுத்தல் வந்து படித்து முன்னேறும் வழி அடைபட்ட இளைஞர்கள், விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற வன்னிக் குடியேற்றங்களில் மிளகாய் செய்து காசு பார்த்தார்கள். தமிழர்கள் அரசியலில் கடுமையாக எதிர்த்த ஓர் அரசின் பொருளாதாரக் கொள்கையே தமிழ் விவசாயியை நிமிர்த்தியது என்பது அந்தக் காலத்தின் முரண்.

1977க்குப் பிறகு இந்தியாவிலிருந்து செத்தல் மிளகாயும் பம்பாய் வெங்காயமும் கப்பலில் வந்து கொழும்பு புறக்கோட்டையில் இறங்கின. விலை விழுந்தது. அதே வேளையில் ரூபா மதிப்பிறக்கத்தால் மண்ணெண்ணெய், உரம், பூச்சிமருந்து எல்லாம் ஏறின. இயந்திரம் வாங்க இப்போது உரிமம் வேண்டியதில்லை. வாங்கிய கடனை அடைக்கத்தான் வழியில்லை. மிளகாயைக் காய வைத்துச் சில மாதம் சாக்கில் வைத்திருக்கலாம். சின்ன வெங்காயம் அப்படியில்லை. பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிட்டு அடுத்த போகத்து விதைக்கு வைப்பது போக, மிச்சத்தை வந்த விலைக்குக் கொடுக்கவே வேண்டும். எல்லோரும் ஒரே மாதத்தில் கிண்டுவதால், அந்த மாதத்தில் ஒரு கப்பல் வந்தால் போகமே போய்விடும். சில பரப்புக் காணிக்காரனுக்கு அப்படி இரண்டு போகத்தைத் தாங்கும் பலம் கிடையாது. பெரிய உற்பத்தியோடு போட்டியிட அவனைத் தயார்படுத்தும் திட்டம் எதுவும் வரவில்லை. படிப்படியாக வரியைக் குறைத்திருக்கலாம். அறுவடை மாதங்களில் மட்டும் இறக்குமதியை நிறுத்தியிருக்கலாம். விதை வெங்காயத்துக்கும் களஞ்சியத்துக்கும் கடன் கொடுத்திருக்கலாம். செய்திருக்கக்கூடிய காரியங்கள்தான் இவை. செய்யும்படி அரசை நெருக்கும் வலு வடக்கிலிருந்த எவரிடமும் இல்லை. தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களோடு பிரதான எதிர்க்கட்சியாக இருந்தும், ஆறில் ஐந்து பங்கு பலம் கொண்ட அரசுக்கு அதன் பேச்சைக் கேட்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை.

இதிலிருந்து நேர்கோடாகத் தமிழ் இளைஞர்களின் ஆயுதப் போராட்டத்துக்குப் போய்விடக் கூடாது. அதன் வேர்கள் மொழிச் சட்டத்திலும் குடியேற்றத்திலும் தரப்படுத்தலிலும் வன்முறையிலும் இருக்கின்றன. மிளகாய் விலை அவற்றோடு வந்து சேர்ந்த இன்னொன்று. ஆயினும் பல்கலைக்கழகக் கதவும் அரச உத்தியோகக் கதவும் மூடிய பின் ஊரில் மீதமிருந்த கௌரவமான ஒரே வழி தோட்டம். அந்த வழி சுருங்கிய அதே ஆண்டுகளில்தான் வடக்கின் இளைஞர்கள் ஜேர்மனிக்கும் பிரான்சுக்கும் புறப்பட்டார்கள், ஆயுத இயக்கங்களுக்கும் போனார்கள்.

நெல் விவசாயிக்கு நடந்தது வேறு. நெல்லை அரசு சந்தையின் கையில் முழுதாக விடவில்லை. உறுதி விலை உயர்ந்தது, உர மானியம் தொடர்ந்தது, 30 ஆண்டுகளில் கட்டி முடிக்க நினைத்திருந்த மகாவலித் திட்டம் ஆறு ஆண்டுகளுக்குள் சுருக்கப்பட்டது. விக்டோரியா அணைக்குப் பிரித்தானியா, கொத்மலைக்குச் சுவீடன், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா என்று பணம் வந்தது. சந்தைக் கொள்கையை அறிவித்த அரசு, அதுவரை எந்த அரசும் செய்யாத அளவுக்கு அரச செலவில் அணை கட்டியது. 1977இல் சுமார் 17 இலட்சம் தொன்னாக இருந்த நெல் விளைச்சல் 1985இல் 26 இலட்சம் தொன்னைத் தாண்டியது. குடியேறிய குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுக் காணியும் கிடைத்தன. காணி ஒரு பிள்ளைக்கே போகலாம் என்ற விதியால் மற்றப் பிள்ளைகள் கூலிகளானதும், காணி உரிமை பெரும்பாலும் ஆண் பெயரிலேயே எழுதப்பட்டதும் அடுத்த தலைமுறையின் பிரச்சினைகள். முதலில் வரையப்பட்ட திட்டத்தில் வடக்கு நோக்கி நீர் கொண்டுபோகும் கால்வாய் இருந்தது. துரிதத் திட்டத்தில் அது இடம்பெறவில்லை. கிழக்கின் எல்லையோரங்களில் யாரைக் குடியேற்றுவது என்பது இனப் பிரச்சினையின் இன்னொரு புண்ணாயிற்று.

துணித்தொழிலிலும் இதே இரு முகம். பங்கீட்டு நூலை நம்பி நெய்த கைத்தறிக்காரர்கள், அவர்களில் பெரும்பாலானோர் கிராமத்துப் பெண்கள், இறக்குமதித் துணி வந்ததும் தறியை ஓரம் வைத்தார்கள். ஆடைத் தொழிற்சாலைகள் இன்னொரு பக்கம் எழுந்தன. 1978இல் பெரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு அமைக்கப்பட்டு, கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு அருகே முதல் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. மேலை நாடுகள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வாங்கும் ஆடைக்கு அப்போது கோட்டா வைத்திருந்தன. ஹொங்கொங் போன்ற இடங்களில் கோட்டா தீர்ந்த முதலாளிகள் இலங்கையின் கோட்டாவைத் தேடி வந்தார்கள். 1980களின் பிற்பகுதியில் ஆடை, தேயிலையைத் தாண்டி ஏற்றுமதியில் முதலிடம் பிடித்தது.

இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குட்பட்ட கிராமத்துப் பெண்கள். வலயத்தைச் சுற்றி வீட்டுக்காரர்கள் பின்வளவில் வரிசையாகக் கட்டிய அறைகளில் அவர்கள் தங்கினார்கள். ஓர் அறையில் நாலைந்து பேர், ஒரு கிணறு, ஒரு கழிவறை, அதிகாலையில் அதற்கு முன்னால் வரிசை. சம்பளத்தில் பாதி ஊருக்கு, மிச்சத்தில் சீதன நகைக்குச் சீட்டு. ஊரார் அவர்களைக் கேவலமாகப் பேசினார்கள்; திருமண விளம்பரங்களில் வலயத்தில் வேலை செய்யும் பெண் வேண்டாம் என்று எழுதியவர்களும் உண்டு. ஆனாலும் தகப்பனிடம் கைநீட்டாமல் தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்த முதல் தலைமுறைக் கிராமத்துப் பெண்கள் அவர்கள்தான். தொழிற்சங்கம் வலயத்துக்குள் நுழைய நீண்ட காலம் பிடித்தது. 2011இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராகக் கட்டுநாயக்கத் தொழிலாளர் வீதிக்கு இறங்கியபோது பொலிஸ் சுட்டதில் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். சட்டமூலம் திரும்பப் பெறப்பட்டது.

அதே தலைமுறையின் இன்னொரு பகுதி மத்திய கிழக்குக்குப் போனது. முதலில் கட்டட வேலைக்கு ஆண்கள், பின்னர் வீட்டு வேலைக்குப் பெண்கள். 1990களின் நடுவில் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களில் நால்வரில் மூவர் பெண்கள். பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுப் போன தாயின் சம்பளத்தில் எழுந்த சீமெந்து வீடுகள் இன்று தீவு முழுக்க நிற்கின்றன. அந்த ஆண்டுகளில் பிள்ளைகள் இழந்ததைக் கணக்கெடுக்கும் ஏற்பாடு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இருக்கவில்லை.

மொத்தக் கணக்கில் வளர்ச்சி உண்மையானது. 1970 முதல் 1977 வரை ஆண்டுக்கு மூன்று சதவீதத்தை எட்டாத பொருளாதாரம் 1978இல் மட்டும் எட்டு சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. அடுத்த நான்கைந்து ஆண்டுகளிலும் சராசரி ஐந்து சதவீதத்துக்கு மேல் இருந்தது. வேலையின்மை 1981-82 அளவில் சுமார் 12 சதவீதமாகப் பாதிக்குப் பாதி குறைந்தது. இதைச் சிறிதாக்கிப் பேசுவது 1973இல் பாணுக்கு வரிசையில் நின்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் மத்திய வங்கியின் நுகர்வோர் நிதி ஆய்வுகளின்படி, குடும்ப வருமான ஏற்றத்தாழ்வைக் காட்டும் ஜினிக் குணகம் 1973க்கும் 1981-82க்கும் இடையில் சுமார் 0.35இலிருந்து 0.45 ஆக உயர்ந்தது. பத்தாண்டுக்குள் இவ்வளவு பெரிய தாவல் எந்த நாட்டிலும் எளிதில் நடப்பதில்லை.

ஏற்றத்தாழ்வு மட்டும் இருந்திருந்தால் அதைப் பேசித் தீர்த்திருக்கலாம். பேசும் வழிகளும் அதே ஆண்டுகளில் அடைக்கப்பட்டன. 1980 ஜூலையில் மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு அரச ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சுமார் 40,000 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அதன்பின் தொழிற்சங்க இயக்கம் பழைய நிலைக்கு மீளவேயில்லை. 1982 டிசெம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி, அதே நாடாளுமன்றத்தின் ஆயுள் ஆறு ஆண்டுகளுக்கு நீட்டப்பட்டது. 1953இல் விலை ஏறியபோது ஒரு பிரதமரைப் போக வைத்த மக்களுக்கு 1983இல் பொதுத் தேர்தலில் அரசை மாற்ற வழியில்லை.

இன உறவில் திறந்த பொருளாதாரம் செய்ததைச் சமூகவியலாளர் நியூட்டன் குணசிங்க 1984இல் ஆராய்ந்தார். அவர் காட்டிய தர்க்கம் இது: பழைய முறையில் உரிமமும் கோட்டாவும் அரசின் கையில் இருந்தன, அரசியல் செல்வாக்கு உள்ள நடுத்தரச் சிங்கள வியாபாரிகளுக்கு அவை கிடைத்தன. அவை ஒழிந்தபோது அந்தப் பாதுகாப்பு போனது. அரசின் தயவை நம்பாமல் வியாபாரம் செய்து பழகிய தமிழ், முஸ்லிம் வர்த்தகர்கள் புதிய போட்டியில் தாக்குப்பிடித்தார்கள். தோற்றவர்களின் கோபம் கொள்கையின் மேல் போகாமல் அயல்கடைக்காரரின் மேல் திரும்பியது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் கடைகளும் ஆலைகளும் பெயர்ப்பட்டியலோடு தேடி எரிக்கப்பட்டதன் பின்னணியில் இந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அது ஒரு பகுதியைத்தான் விளக்குகிறது. எரித்தவர்களுக்கு அரசுக்குள்ளேயே ஆதரவு இருந்தது என்ற உண்மையை எந்தப் பொருளாதாரக் காரணமும் மறைத்துவிடாது.

தெற்கில் 1987-89 கிளர்ச்சியில் மக்கள் விடுதலை முன்னணியின் (ஜே.வி.பி.) பின்னால் திரண்ட இளைஞர்களும் படித்துவிட்டு வேலையில்லாத கிராமத்துப் பிள்ளைகளே. ஜனாதிபதி பிரேமதாச அதற்குக் கொடுத்த பதில் இரு வகைப்பட்டது. கிளர்ச்சி கொடூரமாக நசுக்கப்பட்டது. மறுபுறம் 1989இல் ஏழைக் குடும்பங்களுக்கு ஜனசவிய கொடுப்பனவு வந்தது; 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைகளைக் கிராமப்புறங்களுக்கே கொண்டுபோகும் திட்டம் தொடங்கியது. உணவு முத்திரையில் பறிபோன பாதுகாப்பு பத்தாண்டு கழித்து வேறு பெயரில் திரும்பி வந்தது. அதே 1992இல் அரச தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடும் நாட்சம்பளமும் கையிலே காணியில்லாத நிலையும் அப்படியே இருந்தன.

வெங்காயத்தின் கதை இன்னும் முடியவில்லை. உள்நாட்டுப் போர் யாழ்ப்பாணத் தோட்டங்களைப் பல ஆண்டுகள் முடக்கியது. வலிகாமம் வடக்கில் பெருமளவு செம்மண் காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. 2007இல் விசேட பண்ட அறவீடு என்ற இறக்குமதி வரி கொண்டுவரப்பட்டது. வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய் போன்றவற்றுக்கு, நாடாளுமன்றத்துக்குப் போகாமல் வர்த்தமானி அறிவித்தல் வழியாகவே இந்த வரியை ஏற்றி இறக்கலாம். யாழ்ப்பாணச் சின்ன வெங்காயமும் தம்புள்ளைப் பெரிய வெங்காயமும் வெலிமடை உருளைக்கிழங்கும் அறுவடையாகும்போது விவசாயிகள் வரியைக் கூட்டக் கேட்கிறார்கள். பண்டிகைக் காலத்தில் நகரத்து நுகர்வோர் குறைக்கக் கேட்கிறார்கள். அறுவடைக்குச் சில வாரம் முன்னதாக வரி ஏறினால் கிண்டியவருக்கு விலை கிடைக்கிறது. இறக்குமதியாளர் களஞ்சியத்தை நிரப்பிய பின் ஏறினால் கிடைப்பதில்லை.